துலாவும் உலங்கு வானூர்தியும்



முல்லைத்தீவு மாவட்டத்திலே, ஒரு பக்கம் வங்கக் கடலும் மறுபக்கம் நந்திக்கடற் களப்பும் நெருங்கி நிற்க, அவற்றின் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் மணற்கரையில் அமைந்த சிற்றூர் முள்ளிவாய்க்கால். அக்கரையில் ஒரு வள்ளம் கடலுக்குத் தள்ளப்படும் வேளையில் அருகே நின்று நோக்கினால் ஒரு செய்தி புலப்படும். வலைக்கு ஓரிடம், எரிபொருட் கலனுக்கு ஓரிடம், வெளியிணைப்பு இயந்திரத்தின் பாரம் பின்புறத்தை அழுத்துவதால், உடன் செல்பவர் அணியப் பக்கம் சென்று அமர்வார். எவரும் தாளெடுத்துக் கணக்குப் போடுவதில்லை. ஆயினும் அங்கே நடைபெறுவது கணக்கே. எவ்வளவு பாரம் ஏறியிருக்கின்றது, அப்பாரம் எங்கே இருக்கின்றது என்னும் இரண்டு வினாக்களுக்கு விடை காணும் கணக்கு அது.

இதே இரண்டு வினாக்களையே ஒவ்வொரு முறை எழும்பு முன்னரும் உலங்கு வானூர்தியின் விமானி கேட்டாக வேண்டும். ஹெலிகொப்டர் என்று நாம் வழங்கும் அவ்வூர்தியின் எடையையும் சமநிலையையும் கணிக்கும் முறை எவ்வாறு தோன்றி வளர்ந்தது, இன்று கைத்தொலைபேசியிலுள்ள செயலி வரை அது எவ்வாறு வந்து சேர்ந்தது, அச்செயலி எதனைச் செய்யும், எதனைச் செய்யாது என்பனவே இன்றைய பேச்சின் பொருளாகும்.

யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறுகளில் முற்காலத்தில் துலா மிதித்து நீர் இறைத்த காட்சி முதியோர் பலருக்கு நினைவிருக்கும். ஆடுகாலின்மேல் நீண்டதொரு மரம் கிடக்கும். அதன் ஒரு நுனியிலே கொடியும் பட்டையும் தொங்கும். மரத்தின்மேல் ஏறி நிற்பவர் முன்னே நடந்தால் பட்டை கிணற்றுக்குள் இறங்கும். பின்னே நடந்தால் நீரோடு மேலே எழும். துலா மிதிப்பவருடைய எடை கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. அவர் நிற்கும் இடமே மாறுகின்றது. அந்த இடமாற்றந்தான் நீரைத் தூக்குகின்றது. எடையோடு தூரத்தைப் பெருக்கி வருவதைத் திருப்புதிறன் என்று பௌதிக நூலார் கூறுவர். பள்ளிக்கூடம் காணாத தோட்டக்காரரும் அதனைத் தம் காலாலே அறிந்திருந்தனர்.

கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீஸ் கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டிலே நெம்புகோலின் விதியையும் ஈர்ப்பு மையத்தையும் நிறுவி நூல் எழுதினார். நம் வள்ளுவரோ வலியறிதல் என்னும் அதிகாரத்திலே பாரம் ஏற்றிய வண்டியின் அச்சை ஒரு குறளிலும், மரக்கொம்பில் ஏறியவனை அடுத்த குறளிலும் உவமையாக வைத்தார். முன்னையது அளவு மீறிய பாரம். பின்னையது இடம் மீறிய பாரம். அரசனுடைய வலிமையைக் கூற வந்த இடத்தில், இவ்விரண்டு ஆபத்துக்களையும் வேறு வேறாகப் பிரித்து அடுத்தடுத்து வைத்த நுட்பம் எண்ணி மகிழத்தக்கது.

கடலிலே இக்கணக்கு முதன்முதலில் சட்டமாயிற்று. 19ஆம் நூற்றாண்டிலே பிரித்தானியக் கப்பல்கள் சில, கொள்ளும் அளவுக்கு மேற் பாரம் ஏற்றிச் சென்று மாலுமிகளோடு மூழ்கின. சாமுவேல் பிளிம்சொல் என்னும் நாடாளுமன்ற உறுப்பினர் இதனை எதிர்த்துப் போராடியதன் பயனாக, 1876ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு கப்பலின் பக்கத்திலும் பாரக் கோடு வரையப்பட வேண்டுமென விதித்தது. ஆனால் அச்சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. கோடு இருக்க வேண்டும் என்றதேயன்றி, அது எங்கே இருக்க வேண்டும் என்பதைக் கப்பற் சொந்தக்காரரிடமே விட்டுவிட்டது. கோட்டின் இடத்தைச் சட்டமே வரையறுத்தது அந்நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டிலேதான். கோடு ஒன்று இருப்பது வேறு, அக்கோடு உண்மையாயிருப்பது வேறு என்னும் இப்பாடத்தை நேயர்கள் மனத்திலே வைத்திருக்க வேண்டுகின்றேன். பின்னர் இதனிடம் மீண்டும் வருவோம்.

ஈகோர் சிகோர்ஸ்கி என்பார் 1939ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆந் தேதி, தாம் அமைத்த உலங்கு வானூர்தியை நிலத்தோடு கயிற்றாற் பிணித்தவாறே முதன்முறை எழுப்பினார். சில ஆண்டுகளுக்குள் அவருடைய ஆர்-4 வகை படைகளுக்குச் சென்றது. இறக்கை விமானத்தின் உடல் இறக்கைகளின்மேல் தங்கிச் செல்கின்றது. உலங்கு வானூர்தியின் உடலோ, தலைக்குமேல் சுழலும் சுழலியின் தண்டிலிருந்து, உறியிலே தொங்கும் பானைபோலத் தொங்குகின்றது. பாரம் முன்னே மிகுந்தால் மூக்குத் தாழும். பின்னே மிகுந்தால் வால் தாழும். விமானி தம் கையிலுள்ள கட்டுப்பாட்டுத் தண்டை எதிர்ப்பக்கம் சாய்த்து அதனைச் சரிசெய்கின்றார். ஆனால் அத்தண்டு சாயக்கூடிய தூரத்துக்கும் ஓர் எல்லையுண்டு. பாரத்தைச் சமன் செய்வதற்கே அத்தூரம் முழுவதும் செலவாகிவிட்டால், தரையிறங்கும்போது மூக்கை உயர்த்தி வேகத்தைத் தணிக்க இடமில்லாது போகும். அந்நிலையில் விமானியின் திறமையும் உதவாது.

1944ஆம் ஆண்டு ஏப்ரலில் பர்மாக் காட்டினுள்ளே ஒரு சிறு விமானம் விழுந்தது. அதன் விமானியும் காயமுற்ற பிரித்தானியப் படைவீரர் மூவரும் பகைவர் நடுவே சிக்கினர். காட்டர் ஹார்மன் என்னும் அமெரிக்க விமானி ஆர்-4 ஒன்றைச் செலுத்திச் சென்று அவர்களை மீட்டார். போர்க்களத்திலே உலங்கு வானூர்தி செய்த முதல் மீட்பென இதனை வரலாறு போற்றுகின்றது. அவர் நால்வரையும் ஒரே முறையிற் கொண்டுவரவில்லை. வெப்பம் மிகுந்த காற்று அடர்த்தி குறைந்தது. அதிலே சுழலியின் தூக்குதிறனும் குறையும். அன்றைய இயந்திரம் விமானியோடு இன்னுமொருவரையே தூக்க வல்லதாயிருந்தது. எனவே ஒவ்வொருவராக நான்கு பயணம். ஒருவரை ஏற்றும்போது ஏனையோர் காட்டிலே காத்திருந்தனர். எல்லையை மீறி இருவரை ஏற்றியிருந்தால் நால்வருமே மீளாதிருக்கக் கூடும்.

கொரியப் போரில் காயமுற்றோர் சிறு உலங்கு வானூர்திகளின் வெளிப்புறத்தே பூட்டிய படுக்கைகளிற் கொண்டுவரப்பட்டனர். அக்காலத்து இயந்திரங்கள் சிலவற்றிலே, பயணிகள் ஏறும்போதும் இறங்கும்போதும் இரும்புப் பளுக்களை முன்னும் பின்னும் இடம் மாற்றி வைத்தே சமநிலை காத்தனர். துலாவின்மேல் நடந்தவர் செய்ததையே, இங்கே இரும்புத் துண்டு செய்தது.

நம் நாட்டிலும் இவ்வூர்தியின் அருமை வெள்ளக் காலத்தில் உணரப்பட்டது. 1957ஆம் ஆண்டு டிசெம்பரில் பெய்த பெருமழையாற் குளங்கள் உடைப்பெடுத்து, பாதைகள் அற்று, ஊர்கள் தனித்துப் போயின. அப்போது உதவிக்கு வந்த அமெரிக்கக் கடற்படைக் கப்பலாகிய பிறின்ஸ்டனிலிருந்து எழுந்த உலங்கு வானூர்திகள் வெள்ளத்திற் சிக்கியோருக்கு நிவாரணப் பொருள்களைக் கொண்டு சென்றன. வெள்ள நிவாரணத்திலே சுமை ஒவ்வோரிடத்திலும் மாறும். மூட்டை இறங்கும், மனிதர் ஏறுவர், எரிபொருள் குறைந்துகொண்டே வரும். காலையிற் போட்ட கணக்கு நண்பகலிற் செல்லாது.

இனி அக்கணக்கைச் சிறிது பார்ப்போம். விளக்கத்துக்காக நாலிருக்கைச் சிறு ஊர்தி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் சுழலித் தண்டுக்கு 100 அங்குலம் முன்னே ஒரு கற்பனைக் கோடு வரைந்து, எல்லாத் தூரங்களையும் அக்கோட்டிலிருந்து அளப்பதாகக் கொள்வோம். றொபின்சன் வகைச் சிறு ஊர்திகளில் வழக்கம் இதுவே. வெற்று ஊர்தியின் எடை 1,500 இறாத்தல், அதன் மையம் 107 அங்குலத்தில். முன்னிருக்கை இரண்டிலும் அமர்ந்தோர் 400 இறாத்தல், 50 அங்குலத்தில். எரிபொருள் 200 இறாத்தல், 106 அங்குலத்தில். ஒவ்வோர் எடையையும் அதன் தூரத்தாற் பெருக்கிக் கூட்டினால் 201,700 வரும். அதனை மொத்த எடையாகிய 2,100 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 96. அதுவே ஈர்ப்பு மையத்தின் இடம்.

பறக்கும்போது 180 இறாத்தல் எரிபொருள் எரிந்து தீர்ந்ததாகக் கொள்வோம். தாங்கி தண்டுக்குப் பின்னே இருப்பதால், அது வெறுமையாக வெறுமையாக மையம் முன்னே நகர்ந்து 95 அங்குலத்தை அடையும். தொடக்கத்திலேயே முன்னிருக்கையில் இன்னுமொரு 100 இறாத்தல் கூடியிருந்தால், மையம் 94 அங்குலத்திலிருந்தே புறப்பட்டிருக்கும். ஓர் அங்குலம், ஈரங்குலம் தானே என்று எண்ணலாகாது. இத்தகைய சிறு ஊர்தியில் முன்னெல்லைக்கும் பின்னெல்லைக்கும் இடைப்பட்ட வெளி முழுவதுமே ஏறத்தாழப் பத்து அங்குலந்தான். எழும்பும்போது எல்லைக்குள் இருந்த ஊர்தி, இறங்கும்போது எல்லையைக் கடந்துவிடவும் கூடும். இதுபோலவே இடவலச் சமநிலைக்கும் தனிக் கணக்குண்டு. ஒரு பக்கத்தில் ஒருவரே அமர்ந்திருப்பதும், பக்கத்திலுள்ள பாரந்தூக்கியில் மனிதரைத் தூக்குவதும் உடலைச் சாய்ப்பன.

இக்கணக்கை விமானிகள் முதலிற் பென்சிலாலும் அட்டவணையாலும் செய்தனர். இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பெரிய விமானங்களுக்கென நழுவுகோல் அமைப்பிலான தனிக் கருவிகள் செய்யப்பட்டன. 1970களிலே சட்டைப்பைக்குள் அடங்கும் மின்னணுக் கணிகருவி வந்தது. 2008ஆம் ஆண்டு கைத்தொலைபேசிக்கான செயலிக் கடை திறக்கப்பட்டது. 2010ஆம் ஆண்டு ஐபாட் என்னும் கைக்கணினி விற்பனைக்கு வந்தது. விமானிகள் பையிற் சுமந்த கையேடுகளும் வரைபடங்களும் அட்டவணைகளும் ஒரு கண்ணாடிப் பலகைக்குள் புகுந்தன.

இன்றைய செயலியில் விமானி தம் ஊர்தியைத் தெரிந்து, அமர்வோரின் எடையையும் சாமானின் எடையையும் எரிபொருளின் அளவையும் இட்டால் போதும். எல்லைக்கோட்டுப் படமொன்று தோன்றி, அதனுள்ளே ஒரு புள்ளி நிற்கும். எழும்பும் வேளையில் ஒரு புள்ளி, எரிபொருள் தீரும் வேளையில் ஒரு புள்ளி. இரண்டுக்குமிடையே மையம் நடந்த வழி ஒரு கோடாய்த் தெரியும். புள்ளி வெளியே சென்றால் நிறம் மாறும். ஒருவரை முன்னிருக்கையிலிருந்து பின்னிருக்கைக்கு மாற்றினால் என்ன நேரும் என்பதைக் கண்ணிமைக்கும் நேரத்திற் காணலாம். இது பெரும் நன்மையே. மழையிலும் புழுதியிலும் நின்று, பத்து நிமிடத்துக்கொருமுறை சுமை மாறும் வேலையிலே, பெருக்கிக் கூட்டி வகுக்க நேரமில்லாத காரணத்தால் கணக்கையே விட்டுவிடும் ஆபத்து இதனால் நீங்குகின்றது.

ஆனால் செயலி எடை போடுவதில்லை. நாம் சொல்லும் எண்ணைக் கொண்டு கணக்கே போடுகின்றது. 2009ஆம் ஆண்டு மார்ச் 20ஆந் தேதி, மெல்பேர்ண் நகரிலிருந்து 275 பேருடன் புறப்பட்ட பெரிய விமானமொன்றின் எடை 362.9 தொன். கணிக்கும் கருவியிலே அது 262.9 தொன் என இடப்பட்டது. கருவி பெருக்கலிலும் வகுத்தலிலும் பிழை விடவில்லை. ஓரிலக்கம் மாறியதனால், அது சொன்ன வேகம் அவ்விமானத்துக்குப் போதாதாயிற்று. வால் ஓடுபாதையில் உராய்ந்து, பாதை முடிந்த பின்னரே விமானம் அரிதின் எழுந்தது. எவரும் உயிரிழக்காமை நற்பேறு.

பழைய சராசரியை நம்புவதும் பிழையே. 2003ஆம் ஆண்டு ஜனவரி 8ஆந் தேதி, அமெரிக்காவிலுள்ள சார்லட் நகரில் ஒரு சிறு பயணி விமானம் விழுந்து 21 பேர் மாண்டனர். வாற்பகுதிக் கட்டுப்பாட்டைச் சரிசெய்ததிலே நேர்ந்த பிழையோடு, மிகுந்த பாரமும் பின்னே சென்ற மையமும் சேர்ந்திருந்தன. பயணி ஒருவரின் எடை இவ்வளவு என்று நெடுநாள் வழங்கிய சராசரி, மக்களின் உண்மை எடையிலும் குறைவாயிருந்ததை அதன் பின்னரே உணர்ந்து, அச்சராசரியை உயர்த்தினர்.

இவை அறியாமற் செய்த பிழைகள். அறிந்து செய்த பிழையும் உண்டு. 2008ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5ஆந் தேதி, கலிபோர்னிய மாநிலத்து மலைக்காட்டிலே தீயணைப்போரை ஏற்றி எழுந்த சிகோர்ஸ்கி எஸ்-61 வகை உலங்கு வானூர்தி மரங்களில் மோதி விழுந்தது. அதிலிருந்த 13 பேரில் 9 பேர் மாண்டனர். அதன் வெற்று எடை, வேண்டுமென்றே உண்மையிலும் ஆயிரம் இறாத்தலுக்கு மேற் குறைத்து எழுதப்பட்டிருந்ததையும், இயந்திர வலுவைக் காட்டும் அட்டவணை திருத்தப்பட்டிருந்ததையும் அமெரிக்க அரசின் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 2010ஆம் ஆண்டிலே கண்டறிந்தது. ஒப்பந்தம் பெறுவதற்காகத் தாளிலே ஊர்தியின் எடை குறைக்கப்பட்டது. விமானிகள் அன்று ஒழுங்காகவே கணக்குப் போட்டனர். அவர்களிடம் கொடுக்கப்பட்ட எண் பொய்யாயிருந்தது. பிளிம்சொல் கோட்டை மேலே வரைந்த கப்பற் சொந்தக்காரரின் கதையே மீண்டும் நடந்ததெனலாம். அத்தகைய எண்ணை இன்றைய சிறந்த செயலியில் இட்டிருந்தாலும், புள்ளி எல்லைக்குள்ளேயே அமைதியாய் நின்றிருக்கும்.

நேயர்களே, இங்கே நாம் தொடங்கிய கரைக்கே திரும்புவோம். 2009ஆம் ஆண்டு அந்த ஒடுங்கிய மணற்கரை போரின் இறுதிக் களமாயிற்று. பெப்ரவரி 10ஆந் தேதி, சர்வதேச செஞ்சிலுவைக் குழுவினர் புதுமாத்தளன் கரையிலிருந்து காயமுற்றோரும் நோயாளருமாகிய 240 பேருக்கு மேற்பட்டோரைக் கப்பலிலே திருகோணமலைக்குக் கொண்டு சென்றனர். பின்னர் முள்ளிவாய்க்கால் வரை கரை சுருங்கச் சுருங்க, மே 9ஆந் தேதி வரை அப்பணி தொடர்ந்தது. காயமுற்றோரும் அவரோடு சென்ற உறவினருமாக ஏறத்தாழ 14,000 பேர் அவ்வாறு கடல் வழியே மீட்கப்பட்டனர். கப்பல் வந்து பொருந்த இறங்குதுறை இல்லாமையால், அது கடலில் நிற்க, மீன்பிடிச் சிறு வள்ளங்களே மனிதரைக் கரையிலிருந்து அதனிடம் கொண்டு சேர்த்தன. வலையின் பாரம் அறிந்த வள்ளங்கள் அன்று படுத்த படுக்கையான மனிதரின் பாரத்தைச் சுமந்தன. ஒவ்வொரு வள்ளத்துக்கும் ஓர் அளவுண்டு. ஒவ்வொரு முறையும் கரையில் எஞ்சியோர் உண்டு. அக்கரையில் மாண்டோர் பல்லாயிரவர்.

அன்று கரையிலே எத்தனை பேர் இருந்தனர் என்னும் எண்ணிலேயே அரசாங்கத்தின் கணக்கும் ஐக்கிய நாடுகளின் கணக்கும் பெரிதும் வேறுபட்டன. ஐக்கிய நாடுகளின் செயலாளர் நாயகம் நியமித்த வல்லுநர் குழு 2011ஆம் ஆண்டு அளித்த அறிக்கையிலே, அரசாங்கம் அத்தொகையைக் குறைத்துக் கூறியதென்றும், அதன்படி அனுப்பப்பட்ட உணவும் மருந்தும் போதவில்லையென்றும் கூறியது. போர் முடிந்தபின் முகாம்களில் வந்து சேர்ந்தோர் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர். சுமையேற்றும் தாளிலே எழுதும் எண், சுமப்பவரை மட்டுமன்றிக் காத்திருப்பவரையும் பற்றியது என்பதற்கு இதனினும் கசப்பான சான்று வேண்டுவதில்லை.

ஆகவே, செயலியைப் பழிக்க வேண்டியதில்லை. அதனை வழிபடவும் வேண்டியதில்லை. ஊர்தியை உரிய காலத்தில் தராசில் நிறுத்தி, வந்த எண்ணை வந்தபடியே எழுதுதல் முதற் கடமை. அந்தந்த ஊர்திக்குரிய எண்ணையே செயலியில் வைத்தல் இரண்டாவது. இறாத்தலையும் கிலோகிராமையும் மயக்காது, ஏறுவோரின் எடையை அவரிடமே கேட்டு, ஐயமிருந்தால் தராசிலே நிறுத்தி இடுதல் மூன்றாவது. செயலி சொன்ன விடையை ஊர்தியின் கையேட்டோடு ஒருமுறை ஒப்பிடுதல் நான்காவது. புள்ளி எல்லைக்கு வெளியே நின்றால், ஏறியவர் எத்துணை வேண்டியவராயினும், இறங்கி அடுத்த பயணத்துக்குக் காத்திருக்குமாறு கேட்கும் துணிவு ஐந்தாவது. இவ்வைந்தனுள் ஒன்றையேனும் கைத்தொலைபேசி நமக்காகச் செய்யாது.

பர்மாக் காட்டிலே ஒவ்வொருவராக நால்வரை மீட்ட விமானியிடம் செயலி இருக்கவில்லை. தம் ஊர்தி எவ்வளவு தூக்கும் என்னும் உண்மையை அவர் அறிந்திருந்தார். அதற்கு அமைந்தே நான்கு முறை சென்று வந்தார். மீண்டும் வருவதற்கு ஊர்தி எஞ்சியிருந்தாலன்றோ காத்திருப்பவருக்கு நம்பிக்கை உண்டு?